பாடினவனிடமே லைசென்ஸ் கேட்ட கம்ப்யூட்டர்

பாட்டு ஏற்றிக் கொடுக்கிறவன் எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்பதில்லை. ஏறிவிட்டதா என்று பார்க்க முதல் பத்து வினாடி போட்டுப் பார்ப்பான், அவ்வளவுதான். அப்படி எனக்கு ஆயிரக்கணக்கான பாட்டுகளின் முதல் பத்து வினாடி மனப்பாடம். பல்லவியைத் தாண்டிப் போனது குறைவு.

ஓசூர் சிப்காட்டில் இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் எனக்கு நிரந்தரமாக மூன்றாம் ஷிப்ட். நானே கேட்டு வாங்கிக்கொண்டதுதான். காலை ஆறரைக்கு வெளியே வந்ததும் மற்றவர்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு வராது. பெண்டாட்டி பிள்ளைகள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஊரில். தனி ரூமில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பதற்கு ஏதாவது செய்யலாமே என்று ஒரு சின்ன ஷட்டர் கடையைப் பிடித்தேன். ஏதோ ஆபீசில் கழித்துக்கட்டின கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்தேன். ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை கடை. கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது காட்டுகிற எரர் மெசேஜ்களை நோட்டில் எழுதிவைத்து, டிக்‌ஷனரியில் அர்த்தம் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். என் இங்கிலீஷும் அப்படி வந்ததுதான். அதனால் இன்றைக்கும் என் இங்கிலீஷில் கெட்ட செய்திகளே அதிகம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் சட்டைப் பையில் ஒரு பிளேயர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். ஒன்றில் பாடுவது இன்னொன்றில் பாடாது. ஏன் என்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது, நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியாது. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நூற்றைம்பது பாட்டு

காவேரிப்பட்டினத்து லாரி டிரைவர் ஒருவர் மாம்பழக் கூழ் லோடு ஏற்றிக்கொண்டு கொச்சின் போகிறவர். வண்டியில் கேட்க பாட்டு வேண்டும் என்றார். ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டை எம்பித்ரீயாக நிரப்பிக் கொடுத்தேன். அவருக்கும் பெருமை, எனக்கும் பெருமை. அவர் வண்டியில் இருந்தது பழைய செட். அதற்குச் சாதாரண ஆடியோ சிடிதான் தெரியும். எம்பித்ரீ போட்டால் 'டிஸ்க் இல்லை' என்று சொல்லும். சிடியை வெளியே எடுத்து, துண்டால் துடைத்து, மறுபடி போட்டு, தொப்பூர் கணவாய் தாண்டுகிற வரை முயற்சி செய்திருக்கிறார்.

ஐந்து நாள் கழித்து வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ சொல்லச் சொன்னார்.

"கொச்சின் போய்ச் சேர்ற வரைக்கும் மாத்து டிரைவர் பாடிக்கினே வந்தாருண்ணே. நூத்தம்பது வேணாம், அந்தாள் வாயை அடைக்கிற மாதிரி பத்து பாட்டு இருந்தா போதும்."

ஒரே ஒரு டிக்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை மாதேஷ் வந்தான். நாட்றாம்பாளையத்துப் பையன், முப்பது வயசு இருக்கும். அப்பா அம்மா இன்னமும் ஊரில் கூலி வேலை. இவன் எங்கள் பக்கத்துக் கம்பெனியில் பிளேட்டிங் செக்‌ஷன். இரும்புச் சாமானை ஆசிட் தொட்டியில் முக்கி எடுத்துப் பளபளப்பாக்குகிற வேலை. கையில் ஒரு சிடி வைத்திருந்தான். கம்பெனி பூஜையில் அவன் பாடின ஒரு பழைய சினிமாப் பாட்டை மைக்செட்காரர் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். போட்டேன். முதலில் ஹெச்.ஆர். ஆபீசரின் குரல். சாப்பாடு போட்ட கேன்டீன் ஊழியர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்ததாக நம் பிளேட்டிங் செக்‌ஷன் மாதேஷ் பாடுவார் என்று அறிவிக்கிறார். அப்புறம் பாட்டு. வழக்கத்துக்கு மாறாக அதை முடிகிற வரை கேட்டேன்.

சிடியிலிருந்து பாட்டைக் கம்ப்யூட்டருக்குள் இறக்குகிற புரோகிராமில் 'காப்பி புரொடெக்ட்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். டிக்‌ஷனரியில் புரொடெக்ட் என்றால் காப்பாற்று. காப்பாற்றட்டுமே என்று விட்டுவிட்டேன். அதன் நிஜமான அர்த்தம், இந்தக் கம்ப்யூட்டர் அனுமதி கொடுத்தால் ஒழிய இந்தப் பாட்டு வேறெங்கும் வாய் திறக்காது என்பது. அது பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், மாதேஷின் சிநேகிதர்கள் கொண்டுவந்த சீனா பிளேயர்களில் அந்தப் பாட்டு ஏறியும் பாடவில்லை என்பதுதான். சரி என்று சிடியிலிருந்தே இன்னொரு தடவை, எம்பித்ரீயாக எடுத்தேன். பாட்டுக்கு முன்னால் இருந்த ஆபீசர் பேச்சை வெட்டிவிட்டேன். சின்ன மெமரியில் பேச்சுக்கு யாரும் இடம் கொடுக்கமாட்டார்கள், இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். வெட்டின பாட்டு ஒரு வாரத்தில் சிப்காட் கம்பெனி பஸ்களில் எல்லாம் ஓடியது. பேச்சோடு சேர்ந்த முழுப் பதிவு, டிக் போட்டபடியே, என் கம்ப்யூட்டரில் இருந்தது. மாதேஷுக்கு அதில்தான் திருப்தி.

"பத்திரமா பூட்டி வெச்சிட்டீங்கள்ல ண்ணா, இனிமே பயமில்ல."

டோக்கன் தட்டு

மாதேஷின் கம்பெனியில் பாட்டுப் பெட்டியைக் கேட்டுக்கு உள்ளே கொண்டுபோக முடியாது. பிளேயர் என்பது பென்டிரைவும்தான், அதில் கம்பெனி டிராயிங்கை காப்பி எடுத்து வெளியே கொண்டுபோய்விடுவார்கள் என்று மேலிடத்தில் யாருக்கோ பயம். பாட்டுக் கம்பெனிக்காரன் பாட்டைப் பூட்டுகிறான், இவர்கள் பாட்டுப் பெட்டியையே பூட்டினார்கள். செக்யூரிட்டியிடம் ஒரு பிளாஸ்டிக் தட்டு. உள்ளே போகும்போது பிளேயரை அதில் போட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். பாதிப்பேரிடம் இருந்தது ஒரே மாதிரியான கறுப்பு சீனா பிளேயர். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் டோக்கனையாவது, நம்பரையாவது. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அடையாளத்துக்கு நெயில் பாலிஷில் பொட்டு வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரே சிவப்பு பாட்டிலை வாங்கிப் பொட்டு வைத்ததில் அந்த யோசனையும் படுத்துவிட்டது.

வைண்டிங் செக்‌ஷன் பெண் ஒருத்தி வந்து, தன் பிளேயரில் இருப்பது தன் பாட்டே இல்லை என்றாள். அழித்துவிட்டுப் பழையபடி ஏற்றித் தரட்டுமா என்று கேட்டேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே யோசித்தாள்.

"வேணாம் ண்ணா, என் பாட்டைவிட இது நல்லாருக்குது. யாராச்சும் வந்து கேட்டா நான் இந்தப் பக்கமே வரலன்னு சொல்லிடுங்க."

வெள்ளைப் பெட்டி

எங்கள் பிரஸ் ஷாப் சூப்பர்வைசருக்கு அமெரிக்காவில் இருக்கிற மருமகன் ஒரு வெள்ளைப் பிளேயர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஆயிரத்துச் சொச்சம் பாட்டு, எல்லாம் மருமகனே ஏற்றினது. சூப்பர்வைசருக்கு அதில் ஒரு முருகன் பாட்டு சேர்க்கவேண்டும். ஒரு பாட்டுதானே என்று கம்ப்யூட்டரில் சொருகினேன். இந்தப் பெட்டி வேறொரு கம்ப்யூட்டருக்குச் சொந்தமானது, அழித்துவிட்டு இதோடு இணைக்கட்டுமா என்று அது நியாயமாகத்தான் கேட்டது. இணைப்பது என்ற வார்த்தை மட்டும்தான் என் கண்ணில் பட்டது. 'எஸ்' அடித்தேன்.

அந்தப் பெட்டி வேலையைச் சுத்தமாகச் செய்தது. சூப்பர்வைசர் காதில் மாட்டிக்கொண்டு பட்டனை முன்னால் திருகினார், பின்னால் திருகினார். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார். அந்த வாரம் முழுக்க மெஷினில் மாட்ட எனக்குக் கனமான அச்சாகவே வந்தது.

"ஒரு பாட்டுதாம்ப்பா கேட்டேன். கரெக்டா ஒரே ஒரு பாட்டுதான் இருக்கு."

டாக்டர் கேட்ட கேள்வி

இரண்டு வருஷம் கழித்து மாதேஷ் கடைக்கு வந்தபோது, ஏதோ சொல்கிறான் என்று தெரிந்தது, என்ன என்று காதில் விழவில்லை. ஸ்பீக்கரை நிறுத்தினேன். அப்போதும் காற்றுதான் அதிகமாக வந்தது. ஜலதோஷமா என்றேன். தலையை ஆட்டினான். எட்டு மாசமாக இப்படித்தானாம். கிருஷ்ணகிரியில் தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, ஆசிட் புகைதான் காரணம், அந்த இடத்திலேயே நின்றால் மிச்சக் குரலும் போய்விடும், உடனே வேறு செக்‌ஷன் கேள் என்று சொல்லியிருக்கிறார். ஹெச்.ஆர். ஆபீசர், கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தால் மாற்றுகிறேன் என்றார். கம்பெனி டாக்டர் மாசத்தின் முதல் சனிக்கிழமைதான் வருவார். அவர் இவனை இதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, இது பிறவிக் குரல் என்று முடித்துவிட்டார்.

கூட வேலை செய்கிறவர்கள் சாட்சி சொன்னால் எடுபடாது. பிளேட்டிங் செக்‌ஷனிலிருந்து தப்பிக்க எல்லோருக்கும் ஆசை உண்டு, கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள் என்பார்கள். ஆபீசரோ, அன்றைக்கு இருபது பேர் பாடினார்கள், யார் எப்படிப் பாடினார்கள் என்று யாருக்கு ஞாபகம் என்றார். அப்போதுதான் மாதேஷுக்குத் தன் பாட்டு ஞாபகம் வந்தது. அடுத்த முதல் சனிக்கிழமை, கேட்டுக்கு வெளியே காரில் ஏறப்போன டாக்டரை நிறுத்தி, ஒரு சிநேகிதனின் செல்போனில் நான் வெட்டிக் கொடுத்த அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினான். டாக்டர் பொறுமையாகக் கேட்டாராம். தாளம்கூடப் போட்டாராம்.

"ரொம்ப நல்லா பாடியிருக்கான். யாரு இது?"

லைசென்ஸ்

யார் அது என்று சொல்வதற்கு ஒன்றே ஒன்று இருந்தது. ஆபீசர் தன் வாயால் மாதேஷ் பெயரையும் செக்‌ஷனையும் சொல்கிற அந்த முழுப் பதிவு. அது என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார் என்றேன். ஃபைல் அதே இடத்தில் இருந்தது. திறந்தேன். இந்தப் பாட்டைக் கேட்க உங்களிடம் லைசென்ஸ் இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை திறந்தேன். இன்னொரு தடவை சொன்னது.

நடந்தது இதுதான். ஊரில் இருக்கிற பென்டிரைவ் எல்லாம் என் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கினதில் ஆறு மாசத்துக்கு முன்னால் வைரஸ் புகுந்து, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போட்டேன். பாட்டுகளைத் தனியாக வைத்திருந்ததால் ஒன்றும் போகவில்லை என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். மாதேஷின் பாட்டுக்குப் போட்ட பூட்டின் சாவி மட்டும் பழைய விண்டோஸோடு போயிருக்கிறது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். என்னைப்போல அந்த டிக்கை விட்டுவிட்டவர்கள் உலகம் பூராவும் இருந்தார்கள்; எழுதிவைத்து அழுதிருந்தார்கள். வழி மட்டும் யாரும் எழுதவில்லை. மாதேஷிடம் விஷயத்தைச் சொன்னேன், டிக் போட்டபடி விட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். அவனுக்குக் கோபம் என்மேல் வரவில்லை. ஸ்கிரீனில் இருந்த அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காற்றுக் குரலில் கேட்டான்.

"பாடுனவன் நானு, பக்கத்துலயே குந்தினுக்கறன். என்கிட்டயே லைசென்ஸ் கேக்குதே ண்ணா?"

நல்ல சிடி

பூட்டின பாட்டு போனாலும் மைக்செட்காரர் கொடுத்த சிடி இருக்குமே என்றேன். மாதேஷ் தலையைச் சொறிந்தான். கம்ப்யூட்டரில் பத்திரமாக ஏறிவிட்டதே, இனி சிடி எதற்கு என்று ஊருக்குக் கொடுத்தனுப்பிவிட்டானாம். மைக்செட்காரர் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அடுத்த விழாவுக்குப் பழைய பதிவின்மேலேயே பதிவு செய்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை இரண்டுபேரும் அஞ்செட்டி வழியாக நாட்றாம்பாளையத்துக்கு பஸ் ஏறினோம்.

சிடி இருந்தது. ராகிக் கொல்லையின் நடுவில் ஒரு மூங்கில் குச்சியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு வருஷ வெயிலில் அதன் வெள்ளிப் பூச்சு உரிந்து, அந்தப் பக்கம் மலை தெரிந்தது. மாதேஷ் அதை அவிழ்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிளி விரட்டக் கட்டின பொருளுக்காக ஓசூரிலிருந்து இரண்டுபேர் ஏன் வந்தார்கள் என்று அவன் அப்பாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் எங்களைச் சந்தோஷப்படுத்த ஆசைப்பட்டார்.

"அது கட்டனதுல இருந்து ஒரு கிளி வர்லப்பா. ரொம்ப நல்ல சிடி."

நன்றி இருக்கிற பிளேயர்

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்கு மஞ்சுளா ஞாபகம் வந்தது. மாதேஷ் கம்பெனியின் கேன்டீனில் காண்டிராக்டில் வேலை செய்கிறவள். அத்திப்பள்ளிக்காரி, வீட்டில் கன்னடம். ஆயுத பூஜை முடிந்த அந்த வாரமே கடைக்கு வந்திருந்தாள். பெங்களூரில் மொபைல் கடையில் இருக்கிற தம்பி, ஷோகேஸில் வைத்திருந்த கம்பெனிப் பிளேயர் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தான். சீனா சாமான் இல்லை. பூட்டுப் போட்ட பாட்டை ஏற்றினால் அதைத் திறக்கிற சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்கிற ஜாதி. வெட்டின பாட்டு வேண்டாம், பேச்சோடு வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், கம்ப்யூட்டரிலிருந்த முழுப் பதிவையே ஏற்றிக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு ஏன் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் ஷிப்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாப்பில் பிடித்தோம். அந்தப் பாட்டை இன்னும் வைத்திருக்கிறாயா, அழித்துவிட்டாயா என்று கேட்டேன். மஞ்சுளா கூடையிலிருந்து பிளேயரை எடுத்துக் காட்டினாள். அதைச் சுற்றி ஒரு பழைய கர்ச்சீப். பேட்டரி இப்போது கால்மணி நேரம்தான் நிற்கிறது, அதனால் வேறெதுவும் கேட்பதில்லை, இதை மட்டும் எப்போதாவது கேட்பேன் என்றாள். இத்தனை பாட்டு இருக்கும்போது இது ஏன் என்று இப்போதாவது கேட்டேன்.

"பாட்டு யாருக்கு பேக்கு, யாருக்கு வேணும் ண்ணா? கேன்டீன்காரங்களுக்கு ஒரு ஆபீசர் நன்றி சொன்னது அதுல மாத்திரம்தான இருக்குது."

நாலு நிமிஷம்

அந்தப் பேட்டரியை நம்பிப் பிளேயரையே டாக்டரிடம் எடுத்துப்போக முடியாது என்று மஞ்சுளாவைக் கடைக்குக் கூட்டிவந்தோம். அதைக் கம்ப்யூட்டரில் சொருகக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். சூப்பர்வைசரின் வெள்ளைப் பெட்டிக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்தால் மாதேஷுக்கு வேறு வழி கிடையாது. சொருகினாலும் பூட்டின பாட்டை அது வெளியே விடாது. பிளேயர் தானாகப் பாடுவதை யாரும் தடுக்க முடியாது, அது ஒன்றுதான் மிச்சம். காதுக்கு மாட்டுகிற ஓட்டையிலிருந்து ஒரு ஒயர், அதன் மறுமுனை கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில். இந்தப் பக்கம் பாடப் பாட அந்தப் பக்கம் பதிவாக வேண்டும். நாலு நிமிஷப் பாட்டுக்கு நாலு நிமிஷம் ஆகும், குறுக்கு வழி இல்லை. முதல் தடவை சத்தத்தை அதிகம் வைத்துக் குரல் கிழிந்தது. இரண்டாம் தடவை மூன்றாவது நிமிஷத்தில் பேட்டரி செத்தது. மஞ்சுளா பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பிளேயரை என்னிடமே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கர்ச்சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

சுவர் சார்ஜரில் போட்டுவிட்டு மறுநாள் காலை மூன்றாம் தடவை. ஸ்பீக்கரில் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆபீசர் நன்றி சொன்னார், மாதேஷ் பெயரைச் சொன்னார், பாட்டு தொடங்கியது. எதிரில் உட்கார்ந்திருந்த மாதேஷின் உதடு அதோடு சேர்ந்து அசைந்தது. சத்தம் இல்லை. நான் ஸ்கிரீனில் ஏறி இறங்கிய பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டேன். அவனைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது. முடிந்ததும், கொஞ்சம் இரைச்சலோடு, யாரிடமும் எதையும் கேட்காத ஒரு ஃபைல் கிடைத்தது. மாதேஷ் என் நோட்டை இழுத்து எதையோ எழுதப்போய், பிறகு பேனாவை வைத்துவிட்டு வாயாலேயே சொன்னான்.

"ரெண்டாவது சரணத்துல ஒரு எடம் தப்பு ண்ணா. அன்னிக்கி எவனும் சொல்லல."

கேட்டில் ஒரு சனிக்கிழமை

அடுத்த முதல் சனிக்கிழமை அதை ஒரு சாதாரண ஆடியோ சிடியாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் ரூம் கேட்டுக்கு உள்ளே. சிடி உள்ளே போகாது என்று செக்யூரிட்டி சொல்லிவிட்டார். நியாயம்தான், அவர் சட்டத்தில் சிடியும் டிராயிங் திருடுகிற சாமான். பாட்டு உள்ளே வர முடியாவிட்டால் ஆபீசர் வெளியே வரட்டும் என்று மாதேஷ் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மத்தியானம் டாக்டரும் ஹெச்.ஆர். ஆபீசரும் சேர்ந்து சாப்பிடக் கிளம்பியபோது, செக்யூரிட்டியே அவர்களைத் தன் கேபினுக்குக் கூப்பிட்டார். கேபினில் அவர் பக்திப் பாட்டு கேட்கிற ஒரு பழைய சிடி டெக் இருந்தது. அதில் போட்டோம்.

கேன்டீன் நன்றி ஓடும்போது ஆபீசர் வாட்சைப் பார்த்தார். பிளேட்டிங் செக்‌ஷன் மாதேஷ் என்று அவர் குரலே சொன்னபோது நிமிர்ந்தார். அப்புறம் பாட்டு. கேட்டில் ஷிப்டுக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். டாக்டர் டெக்கைப் பார்த்தார், மாதேஷைப் பார்த்தார். பேசச் சொன்னார். மாதேஷ் தன் பெயரையும் செக்‌ஷனையும் சொன்னான். அது டெக்கில் வந்த குரல் இல்லை என்பது கேபின் வாசலில் நின்றவர்களுக்கும் தெரிந்தது. டாக்டர் பையிலிருந்து டார்ச்சை எடுத்து அவன் வாயைத் திறக்கச் சொன்னார். முன்பு இரண்டு தடவை அவன் போனபோதும் எடுக்காத டார்ச். பார்த்துவிட்டு செக்யூரிட்டியிடமே பேப்பர் வாங்கி எழுதினார். ஆபீசர் அதைப் படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சரி, திங்கட்கிழமை வந்து பார் என்றார். காரை நோக்கி நாலடி போனவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"மைக்ல என் வாய்ஸ் இவ்ளோ நல்லாவா இருக்கு? எனக்கு ஒண்ணு போட்டுக் குடுப்பா, வீட்ல சொன்னா நம்பமாட்டாங்க."

பேக்கிங்

மாதேஷைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். ஆர்டரைக் கொண்டுவந்து காட்டினான். கிருஷ்ணகிரி டாக்டர், இனிமேல் மோசமாகாது, பழைய குரல் வருமா என்று கேட்காதே என்று சொல்லியிருக்கிறார். மஞ்சுளாவின் பிளேயரைத் திருப்பிக் கொடுத்தோம். பேட்டரி மாற்றித் தருகிறேன் என்றேன். அதைக் கழற்றும்போது உள்ளே இருப்பது போய்விட்டால் என்ன செய்வது என்று மறுத்துவிட்டாள். அதன் காப்பிதான் இப்போது என்னிடம் இருக்கிறதே என்றேன். காப்பி காப்பிதானே என்றாள்.

ஒரு மாசம் போனபின் ஒரு காலையில் மாதேஷ் புதுப் போனோடு வந்தான். மெமரி கார்டு நிறையப் பாட்டு வேண்டும் என்று பட்டியல் எழுதி வந்திருந்தான். அவன் பாட்டு பட்டியலில் இல்லை. நானும் ஏற்றவில்லை. பேச்சுக் கொடுக்கவேண்டுமே என்று, புது இடம் எப்படி இருக்கிறது என்றேன். கொஞ்சம் தெளிந்திருந்த அந்தக் கரகரப்பில் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அட்டைப் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டற வேலை ண்ணா. புகையுமில்ல, பொகைச்சலுமில்ல. நாள் பூரா வாயே தொறக்க வேணாம்."

யாருடைய பாட்டையும் யாருக்கும் ஏற்றிக் கொடுத்த அத்தனை வருஷத்தில் எந்தப் பூட்டும் என்னை ஒரு நாளும் நிறுத்தவில்லை. என் வழியாக அது நிறுத்தி வைத்த ஒரே ஆள், தன் பாட்டைத் தானே பாடினவன்.